அரிஷ்டம் குடிக்காமல் காலை விடிவதில்லை!

ஆயுர்வேத மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 49. அரசுப் பள்ளி ஆசிரியை. பள்ளி 32 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காலை 7.10 பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். மலச்சிக்கலுக்காக ஒன்றரை வருடமாக இரவில் அபயாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தைக் குடிக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா சொல்லி 15 மில்லியில் ஆரம்பித்தது, இப்போது 40 மில்லி குடித்தால்தான் காலையில் போகிறது. குடிக்காத நாளில் பஸ்ஸில் போகும்போது வருகிற மாதிரி இருக்கும், அடக்கிக்கொள்வேன். பள்ளிக் கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முக்கினாலும் வராது. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை, கூடவே கால்சியம் சாப்பிடுகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அரிஷ்டத்தில் சாராயம் இருக்கிறது என்கிறான் மகன். உண்மையா? அளவை இன்னும் கூட்டலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அறந்தாங்கி.

பதில்: கூட்டாதீர்கள், சகோதரி. குறைக்க வேண்டிய நேரம் இது.

மகன் சொன்னது சரி. அரிஷ்டம் என்பதே கஷாயத்தில் வெல்லம் கரைத்து, காட்டாத்திப்பூ சேர்த்துப் புளிக்க வைக்கும் மருந்து. அப்படிப் புளிக்கும்போது தானாகவே ஆல்கஹால் உண்டாகும். 5 முதல் 10 சதவீதம் என்று பாட்டில் லேபிளிலேயே பெரும்பாலும் போட்டிருப்பார்கள். 40 மில்லியில் அதிகம் போனால் 4 மில்லி. போதை ஏறும் அளவல்ல. ஆனால் கர்ப்பிணிகள், கல்லீரல் நோயாளிகள், மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடக்கூடாது. உங்களுக்கு நான் அஞ்சுவது வெல்லத்தை. எல்லைக்கோட்டுச் சர்க்கரை உள்ளவர் தினமும் இரவில் வெல்லச் சாறு குடித்துவிட்டுப் படுப்பது நல்லதல்ல.

இதில் என்னென்ன சேர்கிறது என்று சொல்கிறேன். கடுக்காய், உலர் திராட்சை, வாய்விளங்கம், இலுப்பைப்பூ ஆகியவை கஷாயத்துக்கு. மேற்பொடியாக நெருஞ்சில், சிவதை, கொத்தமல்லி விதை, செவ்வியம், சதகுப்பை, சுக்கு, தந்தி வேர், இலவம் பிசின் முதலானவை. பைஷஜ்ய ரத்னாவளி என்ற ஆயுர்வேத நூலில் இந்த மருந்து மூலநோய்ப் பகுதியில்தான் வருகிறது. மலம் இளகவும் வேண்டும், மூலத்தில் ரத்தம் கசிவது அடங்கவும் வேண்டும் என்பதால்தான் பேதியாக்கும் சரக்குகளோடு துவர்ப்பான இலவம் பிசினையும் வைத்தார்கள். சுக்கும் சதகுப்பையும் வாயுவைக் கலைத்துப் பசியைத் தூண்டும். சிவதையும் தந்தியும் அப்படியல்ல, பேதிச் சரக்குகள். அவற்றைக் குடலுக்கு அன்றாடப் பழக்கமாக்கக் கூடாது.

எங்கள் வீடு கோட்டாற்றில். அப்பா புழக்கடையில்தான் அரிஷ்டம் போடுவார். நெய் பூசிய பானையில் ஊற்றி, வாயைத் துணியும் மண்ணும் பூசி மூடிச் சீலைமண் செய்து, ஒரு மாதம் வைத்திருப்பார். திறக்கிற அன்று இலுப்பைப்பூ வாசம் தெருமுனை வரை போகும். நோயாளி கொண்டுவரும் குப்பியில் பதினைந்து நாளுக்கு மட்டும் ஊற்றிக் கொடுப்பார். மறுபடி வேண்டுமென்றால் அவரே நேரில் வர வேண்டும், நாடி பார்த்துவிட்டுத்தான் அடுத்த குப்பி. பையனை அனுப்பி வாங்கிக்கொள்ள விடமாட்டார். இன்று அதே மருந்து கடையில் கேட்டவுடன் கிடைக்கிறது. ஒன்றரை வருடமாக உங்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் கேட்கிறேன். பஸ்ஸில் வருகிறது, அடக்கிக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் நோய் அந்த வரியில் இருக்கிறது. எழுந்ததும், வயிற்றுக்குள் ஏதாவது போனதும் குடல் தானாக அசையும். உங்கள் குடல் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அது கூப்பிடும் நேரத்தில் நீங்கள் பஸ்ஸில் இருக்கிறீர்கள். அடக்கினால் மலத்திலுள்ள நீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ளும், மலம் இறுகும். நாள்பட அந்த உணர்ச்சியே மங்கிவிடும். சித்த மருத்துவம் அடக்கக்கூடாத பதினான்கு வேகங்களை, அதாவது உடலின் இயல்பான உந்துதல்களைச் சொல்கிறது. மலம் அதில் ஒன்று. மலத்தை அடக்கக்கூடாது என்று ஆயுர்வேதமும் சொல்கிறது.

இது உங்கள் ஒருவர் கதையல்ல. என்னிடம் வரும் ஆசிரியைகள், துணிக்கடைப் பெண்கள், பஸ் பயணம் செய்கிற பெண்கள் எத்தனையோ பேர், கழிப்பறைக்குப் பயந்து மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் வந்தது, மகிழ்ந்தேன். உட்கார இடம் கேட்டது போலவே சுத்தமான கழிப்பறையும் கேளுங்கள். தலைமையாசிரியரிடம் நீங்களும் சக ஆசிரியைகளும் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். மருத்துவராகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி செய்ய வேண்டியது. அரிஷ்டத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு 10 மில்லி வீதம் குறையுங்கள். குத்துமதிப்பாக ஊற்றாமல் அளந்து, சமஅளவு தண்ணீர் கலந்து, சாப்பிட்ட பிறகு. அலாரத்தை அரைமணி முன்னால் வையுங்கள். எழுந்ததும் வெந்நீர் ஒரு டம்ளர், பிறகு போகத் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் பத்து நிமிடம் கழிப்பறை. போனை வெளியே வைத்துவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு குட்டி முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள். முக்காதீர்கள். மதியச் சோற்றைக் குறைத்துக் கீரையோ அவரையோ கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வாழைத்தண்டு, மாலையில் ஒரு கொய்யா.

இரும்பு, கால்சியம் இரண்டுமே மலத்தை இறுக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் வேறு வகை மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்காமல் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். தைராய்டு பரிசோதனையும் அவசியம், சுரப்பு குறைந்தாலும் மலம் கட்டும். ரத்தம் போனாலோ, எடை இறங்கினாலோ, வயிறு உப்பி வாந்தி வந்தாலோ எந்த வைத்தியத்தையும் வீட்டில் தொடராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: மலச்சிக்கலுக்கு மாமியார் நிலாவாரைப் பொடி போதும் என்கிறார். நான் கடுக்காய்ப் பொடி அரைக்கலாம் என்றிருக்கிறேன். எது நல்லது?
- வாசகி, திருநெல்வேலி.

பதில்: நிலாவாரை உங்கள் ஊர்ச் சரக்கு, திருநெல்வேலிப் பெயரிலேயே வெளிநாடுகளுக்குப் போகிறது. அவசரத்துக்கு ஓரிரு நாள் நல்ல மருந்து. மாதக்கணக்கில் சாப்பிட்டால் குடலின் உட்சுவர் கறுத்துப்போகும். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கடுக்காய் இதைவிட மென்மை. ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பார்களே, அதனால் உடைத்துக் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் அரையுங்கள். இரவில் அரை டீஸ்பூன், வெந்நீரில். கர்ப்பமாக இருந்தால் இரண்டுமே வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போகிறாள், அழுகிறாள். அரிஷ்டம் ஒரு ஸ்பூன் தரலாமா?
- வாசகர், ஓசூர்.

பதில்: தராதீர்கள். ஒருமுறை வலித்த குழந்தை அந்த வலிக்குப் பயந்தே அடக்கும். பத்துப் பன்னிரண்டு உலர் திராட்சையை இரவில் ஊறவைத்துக் காலையில் நன்றாகப் பிசைந்து சாற்றோடு கொடுங்கள். பால் நிறையக் குடிக்கிறாள் என்றால் குறையுங்கள். காலை உணவுக்குப் பிறகு, கால் தரையில் படும்படி உட்கார வையுங்கள், திட்ட வேண்டாம். இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.