கடற்கரை மேலாண்மைத் திட்டத்துக்கு மக்களிடம் எதற்குக் கருத்துக் கேட்கிறார்கள்?

கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று மாநில அரசு வரைபடம் போட்டு வைப்பதுதான் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டம். அதை இறுதி செய்யும் முன் வரைவை வெளியிட்டு, மாவட்ட அளவில் கூட்டம் நடத்தி, மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் விதி.

ஏன் கேட்கணும்? வரைபடம் 1:25,000 அளவில் இருக்கும், அதாவது தரையில் 250 மீட்டர் தாளில் 1 சென்டிமீட்டர். படகு ஏற்றி வைக்கிற இடம், வலை காயப்போடுகிற திட்டு, கருவாடு உலர்த்துகிற மேடு எல்லாம் செயற்கைக்கோள் படத்தில் வெறும் மணல்தான். சும்மா கிடக்கிற இடம் என்று பதிவாகிவிட்டால் நாளைக்கு அங்கே வேறு ஏதாவது வரும், தடுக்க ஆதாரம் இருக்காது. 2023-ல் தமிழ்நாட்டு வரைவு வந்தபோது மீனவர்கள் சொன்ன முக்கியப் புகாரே, ஊர்களும் தொழில் செய்யும் இடங்களும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்பதுதான்.

வீட்டை இன்ஜினியர் டேப் பிடித்து அளந்துவிடுவார், ஆனால் ஐப்பசி மழையில் எந்தச் சுவர் ஊறும் என்பது குடியிருப்பவருக்குத்தானே தெரியும்?

கூட்டத்தில் மைக் கிடைப்பதே பெரும்பாடு, அதனால் எழுத்தாகவும் கொடுத்துவிடுங்கள்: ஊர், சர்வே எண், வரைபடத்தில் எது விட்டுப்போனது. பொத்தாம்பொதுவாக எதிர்ப்பதைவிட இது உருப்படியானது.

அப்புறம், பலர் நினைக்கிற மாதிரி இது ஓட்டெடுப்பு இல்லை. நிறைய பேர் வேண்டாம் என்று கை தூக்கினால் மட்டும் திட்டம் தானாக ரத்தாகிவிடாது.