அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் பெற்றோர் துணையில்லாமல் ஆட்டம் போடும் குழந்தைகளை எப்படிச் சமாளிப்பது?

மாலையில் நீந்தப் போனால் ஏழெட்டுப் பிள்ளைகள் குளத்தை ரெண்டாக்குகிறார்கள், பெரியவர்கள் யாரும் கூட இல்லை, சொன்னாலும் கேட்பதில்லை. கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான். மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் நிம்மதியாக நீந்த நினைப்பவர் நீங்கள். ஒருமுறை அதட்டியிருப்பீர்கள். அன்று ராத்திரியே வாட்ஸப் குழுவில் யாரோ பெயர் குறிப்பிடாமல் "சில பேருக்குக் குழந்தைகளையே பிடிக்காது போல" என்று எழுதி, கீழே நாலு பேர் கைகூப்பும் படம் போட்டிருப்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

சத்தம், தண்ணீர் தெறிப்பது, பந்து மண்டையில் வந்து விழுவது இதெல்லாம்தான் உங்கள் குறை என்றால் அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டு போனால் ஒருவரும் உங்கள் பக்கம் வரமாட்டார்கள். கோடை லீவில் பிள்ளைகள் கத்தாமல் என்ன செய்யும்? விஷயம் வேறு. அந்த நேரத்தில் தண்ணீரில் இருக்கும் ஒரே பெரிய ஆள் நீங்கள். அந்தப் பெற்றோர் பிள்ளைகளைத் தனியாக அனுப்பவில்லை, உங்களை நம்பித்தான் அனுப்புகிறார்கள். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

நாங்கள் சென்னை ஓ.எம்.ஆரில் நாவலூர் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறோம். குளம் ஒரு முனையில் மூன்றடி, மறுமுனையில் ஐந்தடி. போன மே மாதம், வெயில் இறங்கிய நேரம். வழக்கமான பட்டாளத்தோடு ஐந்து வயது இருக்கும் ஒரு பொடியனும் வந்திருந்தான். இரண்டு கையிலும் காற்றடைத்த ஆரஞ்சு மிதவை. அவனுக்குக் காவல் அவன் அக்கா, அவளுக்கே ஒன்பது பத்து வயதுதான். "அம்மா எங்கடா?" என்றேன். "பால்கனியில இருந்து பாக்குறாங்க ஆன்ட்டி" என்று ஏழாவது மாடியைக் கைகாட்டினான். அங்கே கொடியில் காய்ந்த ஒரு நைட்டிதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு பையன் கேட்டான் என்று ஒரு மிதவையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். நான் திரும்பிப் பார்த்தபோது வாய் தண்ணீர் மட்டத்தில் இருந்தது. தலை பின்னால் சாய்ந்து, முடி கண்ணை மறைத்து, கைகள் மட்டும் தண்ணீருக்குள் ஏணிப்படியைப் பிடித்து ஏறுவது போல மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. கத்தவில்லை, கையைத் தூக்கி ஆட்டவில்லை. மூச்சு இழுக்கவே வழியில்லாதவனுக்குக் கத்த எங்கிருந்து காற்று வரும்? அவன் அக்கா கைக்கெட்டும் தூரத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு "மார்கோ!" என்று கத்திக்கொண்டிருந்தாள். சுற்றி இருந்தவர்களெல்லாம் "போலோ!" என்றார்கள். கண்ணை மூடியவர் குரலை வைத்து மற்றவர்களைத் தேடித் தொடும் விளையாட்டு அது.

இழுத்துக் கரையில் போட்டேன். இருமி, கொஞ்சம் தண்ணீரைக் கக்கி, அப்புறம் வீறிட்டு அழுதான். அந்த அழுகை கேட்டபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, அப்பா இறங்கி வந்தார். தேங்க்ஸ் சொன்னார், இல்லை என்று சொல்லமாட்டேன். கூடவே, "கையைக் கொஞ்சம் மெதுவா புடிச்சிருக்கலாம் மேடம், செவந்து போச்சு பாருங்க" என்றார்.

உடனே சிலர் கருத்துப் பெட்டிக்கு வருவார்கள், தெரியும். "நாங்கெல்லாம் கிணத்துல குதிச்சு வளர்ந்தவங்க, எங்களுக்கு எந்த அசோசியேஷன் இருந்துச்சு?" நானும் கிணற்றில் கற்றவள்தான் சார். லால்குடி பக்கம் எங்கள் பம்புசெட் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்டார்கள். ஆனால் சித்தப்பா படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார். அவர் மேலே ஏறினால் நாங்களும் ஏறிவிட வேண்டும், அவ்வளவு கண்டிப்பு. அப்படி யாரும் நிற்காத கிணறுகளும் இருந்தன. அவற்றில் போனவர்கள் இங்கே வந்து கமெண்ட் போட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

அடுத்த நாள் செயலாளரிடம் போனேன். "'சொந்தப் பொறுப்பில் நீந்தவும்'னு போர்டு வெச்சிருக்கோமே மேடம்" என்றார். ஐந்து வயதுப் பையனுக்கு ஏது சொந்தப் பொறுப்பு? அதைக் கேட்டதும் அவருடைய அடுத்த கேள்வி: "நீங்க ஓனரா, டெனன்ட்டா?"

இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பராமரிப்புத் தொகை ஓனருக்கும் எங்களுக்கும் ஒன்றுதான், ஒரு பைசா குறையாது. சாமான் ஏற்றி இறக்க லிஃப்ட்டுக்குத் தனியாக வசூல். வண்டிக்கு ஒட்டும் ஸ்டிக்கர்கூட வாடகைக்காரர்களுக்கு வேறு நிறம், செக்யூரிட்டி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க வசதியாக. பொதுக்குழுவில் உட்காரக்கூட விடமாட்டார்கள். அமெரிக்காவில் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் ஓனர் ஜூமில் வந்து குளத்து டைல்ஸ் நிறத்துக்கு ஓட்டுப் போடுவார். தினமும் அதில் இறங்குகிறவள் வாய் திறக்கக் கூடாது. சரி, விடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர்களை விரட்டும் அதிகாரம் நமக்கில்லை, விரட்டினாலும் நாளைக்கு வருவார்கள். நீங்கள் ஆணாக இருந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தொட்டுத் தூக்கி வெளியே விடுவதெல்லாம் வேண்டவே வேண்டாம், பேச்சு வேறு மாதிரி போகும். மூழ்குகிற பிள்ளை என்றால் மட்டும் எவன் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

வாட்ஸப்பில் எழுதாதீர்கள். வீட்டுக்கே போய் மணியடியுங்கள். புகார் மாதிரி ஆரம்பிக்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு நான் குளத்துக்கு வரமாட்டேன், பசங்களை யார் பாத்துப்பாங்க?" எங்கள் ஏழாவது மாடி அம்மாவிடம் இதைத்தான் கேட்டேன். பதில் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் நீந்தும் நேரம் பார்த்துத்தான் பிள்ளைகளை அனுப்பினார் என்பதை அதற்கப்புறம் அவரே சொன்னார். இப்போது குளத்து விஷயத்தில் எனக்கு அவர்தான் பெரிய பலம், அவர் ஓனர் என்பதால் இன்னும் வசதி. தேங்க்ஸ் சொன்ன அப்பா மட்டும் இன்றுவரை லிஃப்ட்டில் போனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

அந்த அம்மா மூலமாக நிர்வாகக் குழுவிடம் கேட்டு வாங்கியவை பெரிய செலவில்லாதவை. குளத்து கேட் தானாகச் சாத்திக்கொள்ளும் வகைதான், ஆனால் கூட்டிப் பெருக்குகிறவர்கள் வசதிக்காக அதைக் கயிறு போட்டுத் திறந்தே கட்டி வைத்திருந்தார்கள். கயிறு போனது, தாழ்ப்பாள் சின்னப் பிள்ளைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியது. உயிர்காப்பு வளையத்தைப் பசங்க விளையாடுகிறார்கள் என்று கிளப்ஹவுஸில் வைத்துப் பூட்டியிருந்தார்கள், அது கரைக்கு வந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூட வந்து பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளை என்றால் அந்தப் பெரியவரும் தண்ணீரில், கைக்கெட்டும் தூரத்தில். கை மிதவை விளையாட்டுச் சாமான், அதை நம்பி விடக்கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டச் சொன்னேன். பெற்றோர்கள் முறை வைத்து ஒரு சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அட்டை மாட்டியவர் போனைத் தொடக்கூடாது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனை இதில் இழுக்கவேண்டாம். அறுபது தாண்டியவர், அவருக்கு நீச்சல் தெரியாது, பாவம்.

இதற்கெல்லாம் நாளாகும். அதுவரை உங்கள் நீச்சலை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது பெரியவர் இல்லாமல் பிள்ளைகள் இறங்கினால் ஒருவரைவிட்டு வீட்டில் சொல்லச் சொல்லுங்கள், பெரியவர் வரும்வரை மட்டும் இருந்துவிட்டு ஏறிவிடுங்கள். தினமும் நின்று காவல் காத்தால் அது உங்கள் வேலையாகவே ஆகிவிடும், சம்பளமில்லாமல்.

அப்புறம் முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள், தயவுசெய்து. மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது நம் ஊர்ப் பழக்கம். அது வேண்டாம், நேரம்தான் போகும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, அப்புறம் மார்பை அழுத்த வேண்டும், ஒருவர் 108ஐக் கூப்பிட வேண்டும். இதை முறையாகக் கற்றவர்களிடம் ஒருமுறை செய்து பழகுங்கள், படித்துத் தெரிந்துகொண்டது அந்த நேரத்தில் கைக்கு வராது.

எங்கள் பதிவேடு மழைக்காலத்தில் நின்றுபோனது, இன்னும் திரும்ப ஆரம்பிக்கவில்லை. அடுத்த பொதுக்குழுவில் கேட்கலாம் என்றால் நான் வாடகைக்காரி. நாவலூர் பக்கத்து ஓனர் யாராவது இதைப் படித்து, விவரம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், கொஞ்சம் எழுந்து கேளுங்கள்.