கிளிநொச்சியில் கர்நாடக வயலின் பழகும் 11 வயது மகளை மெனுஹின் போட்டிக்கு அனுப்பலாமா?

மெனுஹின் வயலின் போட்டியில் ஒரு பிள்ளை வாசிக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த வீடியோவை யார் அனுப்பினார்கள் என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. ஆனால் கட்டாயம் வெளிநாட்டில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். ‘இந்தப் பிள்ளையைப் பாருங்கோ, எங்கட பிள்ளையையும் விடுங்கோ’ என்று சொல்லியிருப்பார். அதனால்தான் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுதுகிறேன். வன்னியில் பல வருடங்களாக வயலின் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்வி என் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறது.

முதலில் நேரடிப் பதில். இப்போது பழகுகிற பழக்கத்தோடு அந்தப் போட்டிக்கு அனுப்ப முடியாது. அது உங்கள் மகளின் குறை இல்லை. அவளுடைய ரீச்சரின் குறையும் இல்லை. இரண்டாவதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹின் 1983இல் இங்கிலாந்தில் தொடங்கிய போட்டி அது. 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். 16க்குக் கீழே இளையோர் பிரிவு, அதற்கு மேலே மூத்தோர் பிரிவு. பிற்காலத்தில் வேறு வேறு நகரங்களில் நடந்தது: ஒஸ்லோ, பெய்ஜிங், ஒஸ்ரின், லண்டன், ஜெனீவா என்று. முதலில் வீடியோ அனுப்ப வேண்டும். உலகம் முழுவதிலும் இருந்து வருகிற வீடியோக்களில் நாற்பது சொச்சம் பேரைத்தான் மேடைக்கு எடுப்பார்கள். பாக், மோட்சார்ட், பகனினி போன்றவர்களின் உருப்படிகளை ஐந்து கோட்டு இசைக்குறியீட்டில் எழுதியது எழுதியபடி, பியானோவோடும் கடைசியில் இசைக்குழுவோடும் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறார்கள். தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டுகிறோம். அங்கே நாலு தந்திக்கும் நாலு வேறு சுரம், யார் வந்தாலும் அதே சுருதிதான். அங்கே பிள்ளை நாடியாலும் தோளாலும் வயலினைத் தாங்குவதால் இடது கை வேறு விதமாக ஓடும். நாங்கள் அதே கையை கமகத்துக்காக, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதற்காகப் பழக்குகிறோம். கருவி ஒன்றுதான், கைவேலை இரண்டு. ஓட்டோ ஓட்டுகிறவரைப் பிடித்து ரயில் ஓட்டச் சொன்னால், அவர் நல்ல ஓட்டுநர் இல்லை என்றா சொல்வீர்கள்?

இனி என் கதை. 2018இல் ஜெனீவாவில் நடந்த போட்டியில் இளையோர் முதற்பரிசை இருவருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒருவர் சிங்கப்பூரைச் சேர்ந்த குளோயி சுவா, 11 வயது. மற்றவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் லீ, 10 வயது. குளோயி இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ‘குளிர்காலம்’ வாசித்த வீடியோ எல்லோருடைய போனிலும் சுற்றியது. என்னிடம் அப்போது ஒரு பிள்ளை படித்தாள், அவளுக்கும் அதே வயது. சுவிசில் இருக்கிற அவளுடைய சித்தப்பா வைபரில் எனக்கு எடுத்தார்.

“ரீச்சர், அந்தப் பிள்ளைக்கும் 11, எங்கட பிள்ளைக்கும் 11. நீங்கள் என்ன இன்னும் வர்ணத்தில நிக்கிறியள்?”

வர்ணத்தில் நிற்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. வர்ணம் என்றால் கையைக் கடுமையாகப் பழக்குகிற உருப்படி. அதை இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில் வாசிக்கிற 11 வயதுப் பிள்ளை சும்மா பிள்ளை இல்லை. எனக்கு நல்ல கோபம். ஆனால் பணம் கட்டுகிறவர் அவர்தான், ஆகவே “பாப்பம் தம்பி” என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் அந்த வீடியோவை நானே இருந்து கேட்டேன். ‘குளிர்கால’த்தின் நடுப்பகுதி மெதுவாகப் போகும். வெளியே மழை, உள்ளே கணப்பருகில் ஆள் இருக்கிற மாதிரிக் கட்டியது. மழைத்துளிக்காக மற்ற வயலின்கள் தந்தியை விரலால் சுண்டும். அதைக் கேட்டால் நமக்கு சங்கராபரண ராகம்தான். இரண்டரைக் கட்டையில் சுருதி வைத்தால் அவர்களுடைய சுரத்திலேயே நிற்கும். சுரம் எழுதிக் கொடுத்தேன். பிள்ளை கெதியாகப் பிடித்துவிட்டாள். ஒரே பிரச்சினை, மத்திமத்திலும் நிஷாதத்திலும் விரல் தானாக அசையத் தொடங்கிவிடும். “நேராகப் பிடியம்மா” என்றால், “நேராகத்தான் ரீச்சர் பிடிக்கிறன்” என்பாள். விவால்டி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தது போல இருந்தது. எனக்கென்றால் பிடித்தது.

பதிவு செய்து சுவிசுக்கு அனுப்பினோம். பதில் வந்தது: “நல்லா இருக்கு. ஆனா ஏன் நிலத்தில இருந்து வாசிக்கிறா? கதிரை இல்லையோ?”

இதை வாசித்துவிட்டு “ரீச்சருக்கு மேற்கத்தேய இசை மேலே பொறாமை” என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். இல்லை. பொறாமைப்பட என்ன இருக்கிறது, எங்களுக்கு வயலினே அங்கிருந்து வந்ததுதானே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி சென்னையில் ஐரோப்பியரிடம் பழகியதுதான் தொடக்கம். “எங்கட மண்ணிலிருந்து வயலின் வித்துவான் எல். சுப்பிரமணியம் உலக மேடைக்குப் போகவில்லையா” என்று கேட்பவர்களும் இருப்பீர்கள். போனார். மெனுஹினோடு சேர்ந்தே வாசித்தவர். ஆனால் அவர் யாழ்ப்பாணத்தில் தகப்பனிடம் பழகியது கர்நாடகம். 1958 கலவரத்தோடு குடும்பம் சென்னை போனது. மேற்கத்தேய இசையை அதற்கும் பிறகு, வளர்ந்த ஆளாக, கலிபோர்னியாவில் போய்ப் படித்தார். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் மாறவில்லை.

வசதி பற்றியும் சொல்ல வேண்டும், சொன்னால் புலம்பல் என்பீர்கள். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே பிருடை (தந்தியை முறுக்குகிற ஆணி) நிற்காது, இறுக்க இறுக்க வழுக்கும். மாரி வந்தால் அதே பிருடை ஊறி அசையாது. வெயிலில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனால் பெட்டிக்குள் வில்லுக்குப் பூசுகிற ரொசின் இளகிவிடும், ஒட்டு விட்ட வயலின்களும் கண்டிருக்கிறேன். போரால் பூட்டியிருந்த ஏ9 பாதை 2002இல் திறக்கும் வரை ஒரு நல்ல மேல்தந்தி கிடைப்பதே பெரிய காரியம். அறுந்ததை முடிச்சுப் போட்டு வாசித்த காலம். 2006இல் பாதை திரும்பப் பூட்டியபோது கையில் இருந்த தந்திகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும், இந்தப் பதிலில் அது வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் விடமாட்டேன். எங்கள் பிள்ளைகளுக்கு மேடை என்றால் பெரும்பாலும் பரிசளிப்பு விழா. பிரதம விருந்தினர் வரும்வரை பிள்ளைகளைச் சேலையும் பூவுமாக வெயிலில் நிறுத்திவைப்பார்கள். வயலினும் வெயிலில். அவர் வந்தபின் மாலை, விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. எல்லாம் முடிய, “நேரம் போட்டுது ரீச்சர், கீர்த்தனையை ஒரு சரணத்தோட முடியுங்கோ.” நாலு வயலினும் நாலு சுருதியில் நிற்கும். திரும்பக் கூட்டுவதற்குள் அறிவிப்பாளர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார். பேசுகிறவர்களில் ஒருவரைக் குறைத்தால் ஒரு பல்லவி முழுதாகப் போகும். இதைச் சொன்னதற்காக என்னை அடுத்த வருட விழாவுக்குக் கூப்பிடவில்லை, அது வேறு கதை.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். அவளுக்கு உண்மையிலேயே அந்த இசையில் ஆசை என்றால் (உங்களுக்கு இல்லை, அவளுக்கு), மேற்கத்தேய முறையைப் புதிதாக, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆசிரியருக்குக் கொழும்பைத்தான் பார்க்க வேண்டும். இலங்கை சிம்பொனி இசைக்குழுவும் அங்கேதான். ரயிலில் போய்வர ஒரு நாள் போய்விடும், இடையில் இணையத்தில் படிக்கலாம். ஐந்து கோட்டுக் குறியீடு வாசிக்க இப்போதே பழக்குங்கள், அதற்குக் காசு அதிகம் போகாது. கர்நாடகத்தை நிறுத்தச் சொல்லமாட்டேன். நிறுத்தச் சொல்கிற சித்தப்பாவிடம் என் நம்பரைக் கொடுங்கள்.

ஆசை உறவினருக்கு மட்டும்தான் என்றால், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளை ஒழுங்காகச் செய்யட்டும். சாதாரண தரம் நெருங்கும்போது ரியூசனுக்காக வயலினை மேலே தூக்கி வைக்காதீர்கள். என்னுடைய அந்தப் பிள்ளை உயர்தரத்தில் வர்த்தகம் எடுத்தாள். வர்ணம் இன்னும் கையில் இருக்கிறது, தைப்பூசத்துக்குக் கோயிலில் வாசிப்பாள்.

மகள் இப்போது எந்த அளவு வயலின் வைத்திருக்கிறாள் என்று கீழே எழுதுங்கள். இந்த வயதில் பலருக்கு முக்கால் அளவுதான் கைக்குச் சரி. வெளிநாட்டிலிருந்து அவசரப்பட்டு முழு அளவு வாங்கி அனுப்பியிருந்தால், கை நீளும்வரை அதைக் கொடுக்க வேண்டாம்.