மண்ணீரல் எடுத்த நாய்க்குக் காய்ச்சல்

கேள்வி: கட்டி இருந்ததால் எங்கள் நாயின் மண்ணீரலை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். மறுநாள் உடல் வெப்பம் 39.4 பாகை. ரத்தத்தில் வெள்ளணுவும் கூடியிருக்கிறதாம். சீழ் பிடித்துவிட்டதா? வீட்டில் இருக்கும் பனடோலைக் (பாராசிட்டமால்) கொடுக்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பனடோல் வேண்டாம், அது நாயின் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும். ஐபுபுரோபன் என்ற வலி மாத்திரை கூடவே கூடாது. வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். மருத்துவர் நாய்க்கென்று எழுதித் தந்த வலி மாத்திரை மட்டும் போதும்.

சீழ் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். கத்தி பட்ட தசையும் கட்டிவிட்ட ரத்தக் குழாய்களும் ஆறுவதற்கு உடலே மூட்டும் அழற்சியாகவே இது இருக்கலாம். அழற்சியின் அடையாளமாகக் கல்லீரல் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதம் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். வெள்ளணு கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மண்ணீரல் ரத்த அணுக்களின் கிடங்கு. கிடங்கு போனால் அங்கே தங்க வேண்டியவை ரத்தத்திலேயே சுற்றும். ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் அப்படித்தான் மிகும். ஆகவே ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். காலை மாலை வெப்பத்தைக் குறித்து வையுங்கள். இறங்கிய காய்ச்சல் மூன்று, நான்கு நாள் கழித்து மறுபடி ஏறினாலோ, இறங்காமலே நீடித்தாலோ தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் பெரிய பயம் ரத்தக் கசிவுதான். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள்; வெளுத்த இடம் 2 வினாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு வெளிறி வயிறும் உப்பினால், உள்ளே போட்ட கட்டு நழுவியிருக்கலாம். நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இதயத் துடிப்பு தப்புவதும் இந்த நாட்களில் உண்டு. நாய் தள்ளாடினாலோ மயங்கினாலோ அதே அவசரம்தான்.

பலர் கோட்டை விடுவது உண்ணியில். உண்ணி கடித்துப் பரவும் பபேசியா கிருமி புகுந்த சிவப்பணுக்களை வடிகட்டி அழித்து வந்தது மண்ணீரல். காவல் போனதும், ரத்தத்தில் பதுங்கியிருந்த கிருமி தலைதூக்கலாம். பழைய லயத்து வீடுகளில் பலகை இடுக்கிலும் சிமெண்டு வெடிப்பிலும் உண்ணி முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. இடுக்குகளுக்கு மருந்தடியுங்கள். உண்ணி மாத்திரையைத் தவணை தவறாமல் கொடுங்கள். வாரங்கள் கழித்துச் சோர்வும் காய்ச்சலும் வந்து, சிறுநீர் கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) நிறத்தில் போனால், ரத்தத்தில் பபேசியா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.