பழைய ரயில் நிலையத்தில் சாப்பாட்டுக் கடை: அடுப்பை எங்கே வைப்பது?

வாசகர் கேள்வி: ஜொகூரில், குளுவாங் பக்கத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றில் வசிக்கிறோம். இரட்டைத் தண்டவாளமும் புதிய நிலையமும் வந்த பிறகு எங்கள் பழைய பலகை ஸ்டேஷன் பூட்டியே கிடக்கிறது. அதை எடுத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்த நானும் என் தம்பியும் விரும்புகிறோம். காத்திருப்புக் கூடத்துக்கும் டிக்கெட் அறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டுப் பின்னறையைச் சமையலறை ஆக்கலாமா? ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க எண்ணியிருக்கிறோம். எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: பின்னறையில் சமையலறை வைக்க வேண்டாம். உங்கள் திட்டத்தில் மற்ற எதை மாற்றிக்கொண்டாலும், கட்டடத்துக்குள் அடுப்பு எரியக்கூடாது என்பதை மட்டும் மாற்றாதீர்கள். கோழி வறுவலும் சாம்பாரும் அப்பளமும் நாள் முழுவதும் ஆகும் நம்முடைய சமையலில் எழும் எண்ணெய்ப் புகை, கூரையின் மரச்சட்டங்களில் படிந்து, துடைத்தெடுக்க முடியாத பிசுக்காக இறுகிவிடும். காய்ந்த பழைய பலகையில் அப்படிப் படிந்த எண்ணெய்க்கு ஒரு தீப்பொறி போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தகைய நிலையங்களில் பலவற்றின் தரை, மண்ணிலிருந்து சற்று உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழாமல் பலகை இடுக்குகள் வழியே இறங்கி, தரைக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கும்.

ஆகவே நிலையத்தின் பின்புறம், தீயணைப்பு மீட்புப் படை ஒப்புக்கொள்ளும் இடைவெளி விட்டு, இரும்புச் சட்டமும் செங்கல் சுவரும் ஓடு பதித்த தரையும் கொண்ட தனிச் சமையற்கட்டு ஒன்றை எழுப்புங்கள். இரண்டுக்கும் நடுவே கூரையிட்ட நடைவழி இருந்தால் மழையிலும் பரிமாறலாம். கேஸ் தோம்புகளை அதற்கும் வெளியே, காற்றோட்டமான கம்பிக்கூண்டில் நிறுத்துங்கள். புகைபோக்கி பழைய கூரையைத் துளைக்க வேண்டிய தேவையே இராது. பாத்திரம் கழுவும் நீரிலுள்ள எண்ணெயைத் தடுக்கும் கிரீஸ் டிராப் தொட்டியையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பழைய நிலையத்தின் கழிவுத்தொட்டி, வந்துபோகும் சில பயணிகளுக்காகக் கட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அது தாங்குமா என்று திறந்து பார்க்காமல் நம்பக்கூடாது.

சுவரைப் பற்றி: பலகைக் கட்டடத்தில் நடுத்தடுப்பு வெறும் தடுப்பாக இருப்பது அரிது. கூரைச் சுமையின் ஒரு பகுதியை அது தாங்கும், அல்லது மொத்தச் சட்டகமும் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்ளும். பதிவுபெற்ற பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை ஓர் ஆணியையும் பிடுங்க வேண்டாம். அவர் எடுக்கலாம் என்று சொன்னாலும் நான் எடுக்க மாட்டேன். டிக்கெட் சன்னலில் பணம் வாங்கலாம்; கூடத்தில் குடும்பமாக வருவோரை உட்கார வைக்கலாம்; நீண்ட இறவாரத்தின் கீழுள்ள நடைமேடையே உங்கள் பெரிய சாப்பாட்டுக் கூடமாக அமையும். மழையையும் வெயிலையும் தடுத்துக் காற்றை உள்ளே விடுவதற்காக வடிவமைக்கப்பட்ட அந்த இடத்துக்கு ஏர்கோன் தேவையில்லை. சக்கர நாற்காலியில் வருவோருக்காக, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

பழுதுபார்ப்பைத் தொடங்குமுன் கரையானைத் தேடுங்கள். தூண்களின் அடியையும், கூரைத்தண்ணீர் சொட்டும் இடங்களிலுள்ள சட்டங்களையும் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். செங்கால் போன்ற உறுதியான மரம் நன்றாகவே இருக்கக்கூடும். இடையில் யாரேனும் மலிவான பலகை வைத்து ஒட்டுப்போட்ட இடங்களே பெரும்பாலும் முதலில் போகும். தரைக்கடியில் காற்று ஓடும் இடைவெளியைச் சிமெண்டு கொட்டி அடைப்பது, பார்க்க நேர்த்தியாக இருந்தாலும், ஈரத்தை உள்ளே பூட்டி வைத்து மரத்தை உளுக்கச் செய்யும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துச் சுரண்டுங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதைத் துளைக்கவோ உடைக்கவோ கூடாது. பயிற்சி பெற்றவர்களே அதைக் கழற்ற வேண்டும். பழைய தண்டவாளக் கட்டைகளை மேசைப் பலகையாக்கும் ஆசை பலருக்கும் வருகிறது. அவற்றில் பல, மரம் கெடாமலிருக்க கிரியோசோட் என்ற எண்ணெய் ஏற்றப்பட்டவை. அந்த எண்ணெய் நச்சுத்தன்மை உள்ளது. வெயிலில் மீண்டும் கசியும். சாப்பாடு வைக்கும் இடத்துக்கு அது ஆகாது.

அனுமதிகளுக்கு வருவோம். ரயில் ஓட்டுவது கேடிஎம் எனும் ரயில் நிறுவனம் என்றாலும், நிலமும் கட்டடமும் பொதுவாக ரயில்வே சொத்துடைமைக் கழகத்துக்கு, அதாவது 1991-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் கீழ் அமைந்த பெர்பாடானான் அசெட் கெரெத்தாப்பிக்கு உரியவை. முதல் கடிதம் அங்கே போக வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டரோ சட்டமன்ற உறுப்பினரோ வாயால் சொல்லும் ஒப்புதலுக்கு மதிப்பில்லை. பயன்பாட்டை மாற்றுவதற்கு 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி உள்ளூர் மன்றத்தின் திட்ட அனுமதி தேவை. புதிய சமையற்கட்டுக்குக் கட்டட வரைபட ஒப்புதலும், கடைக்கு வணிக உரிமமும், 2009-ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி சுகாதார அமைச்சில் பதிவும், சமைப்போருக்கும் பரிமாறுவோருக்கும் உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் அடுத்தடுத்து வரும். கட்டடம் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தில் பதிவாகியிருந்தால், மாற்றங்களுக்கு மரபுடைமை ஆணையரின் இசைவும் வேண்டும்.

புதிய தடம் அருகிலேயே ஓடுகிறது என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. மேலே செல்லும் மின்கம்பியில் 25,000 வோல்ட் பாய்கிறது. இடிஎஸ் எனும் மின்சார விரைவு ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வேகமெடுக்கக்கூடியது. பெரிய குடை, துணிப்பந்தல், தீபாவளி விளக்குத் தோரணம், குழந்தைகள் விடும் பலூன் எதுவும் அந்தப் பக்கம் போகாதபடி, ரயில் நிறுவனம் சொல்லும் தூரத்தில் உயரமான வேலி அமைத்த பிறகே நடைமேடையில் முதல் நாற்காலியைப் போடுங்கள்.

வியாபாரக் கணக்கில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். குளுவாங் ஸ்டேஷனில் 1938-இல் தொடங்கிய காப்பிக்கடை புகழ்பெற்றதற்கு, ரயிலுக்குக் காத்திருந்த பயணிகளும் ஒரு காரணம். உங்கள் நிலையத்தில் இனி யாரும் இறங்க மாட்டார்கள். வருவோர் காரில்தான் வருவார்கள். எனவே கார் நிறுத்த எத்தனை இடம் இருக்கிறது என்பதையும், தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த குடும்பங்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்ட ஊரில் திங்கள் முதல் வியாழன் வரை யார் சாப்பிட வருவார்கள் என்பதையும் எழுதிப் பாருங்கள். ஜொகூர் பாருவிலும் கோலாலம்பூரிலும் வாழும் தோட்டத்துப் பிள்ளைகள் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்பும்போது கூட்டம் நிறையும். 1909-இல் ஜொகூர் வழியே முழுமை பெற்ற இந்தத் தடத்தில் வேலை செய்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இது சொந்தக் கதை என்பதால், அவர்கள் மனமுவந்து வருவார்கள் என்று நானும் நம்புகிறேன். ஆனால் மாத வாடகையை அந்தச் சில நாள்களின் வருமானத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள்.

சேமநிதிப் பணத்தைத் தொடுவதற்கு முன் ஒப்பந்தத்தின் காலத்தைப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் பதிவு செய்ய முடியும். அதற்கு உட்பட்டது சாதாரண வாடகையாகவே கருதப்படும். குறுகிய கால வாடகை மட்டுமே கிடைக்கிறது என்றால், புதுப்பிக்கும் உரிமை, கூரை ஒழுகினால் செலவு யாருடையது, நிலத்தை ரயில்வே கழகம் திரும்பக் கேட்டால் எத்தனை மாத முன்னறிவிப்பு என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவை கிடைக்காவிட்டால், உங்கள் பணத்தைக் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய அடுப்பு, புகைக்கூடு, குளிர்ப்பெட்டி, மேசை நாற்காலிகளில் மட்டும் போடுங்கள். செங்கல் சமையற்கட்டுக்குப் பதிலாக, போல்ட் முடுக்கிய இரும்புக் கொட்டகை போதும் என்று வரைபடக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.