பொன்னாடைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை

வணக்கம் ஐயா. எங்கள் பேட்டை நூலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த அக்கா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். சாதாரண ஊழியர்தான், ஆனால் தமிழ்ப் புத்தகம் தேடி வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. வாசகர்கள் சேர்ந்து பாராட்டு விழா வைக்கிறோம். சிறப்பு விருந்தினர்கள் நான்கு பேர் பேசுகிறார்கள். நினைவுக் கேடயத்தில் பொறிக்க நாலு வரி எழுதித் தருவீர்களா?
– ஒரு வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் சாதாரண ஊழியர் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

ஸ்டாம்ஃபோர்டு சாலையில் சிவப்புச் செங்கல் நூலகம் இருந்ததே, ஃபோர்ட் கேனிங் சுரங்கப்பாதைக்காக 2004இல் மூடி அப்புறம் இடித்தார்களே, அங்கே ஒருவர் இருந்தார். முதுகு பிரிந்த தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்தால் தன் மேசைக்கு எடுத்துப்போய்ப் பசை தடவி, தடித்த அகராதியை மேலே ஏற்றி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. யாருக்கு எந்த நாவல் பிடிக்கும், யார் எதைப் பாதியில் போட்டார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஓய்வு பெற்றபோது பொன்னாடை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள். உட்கார்ந்து கேட்டு எழுதியவர் ஒருவருமில்லை. இன்று அவரும் இல்லை.

ரொம்ப நாளாக எனக்குள் இருக்கும் ஆற்றாமை இது. 25 ஆண்டுச் சேவைக்கு அரசாங்கம் நீண்டகாலச் சேவைப் பதக்கம் தருகிறது, சரி, அது அரசாங்கத்தின் கடமை. வாசகர்களின் கடமை வேறு. போகிறவரைப் பேச விடுங்கள் ஐயா! நம் விழாக்களில் நாலு பேர் அவரைப் பற்றி முழங்குவார்கள், அவருக்கோ கடைசியில் ஏற்புரைக்கு ஐந்து நிமிடம், அதற்குள் பாதிக் கூட்டம் சாப்பாட்டு வரிசைக்குப் போயிருக்கும். வாய்மொழி வரலாற்றை 1979 முதல் பதிவுசெய்து வரும் ஊர் இது. அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் தேசிய ஆவணக் காப்பகம், உங்கள் அக்கா வேலை பார்க்கும் அதே நூலக வாரியத்தின் கீழ்தான் 2012 முதல் இருக்கிறது. அங்கே அமைச்சர்களின் குரல் மட்டுமில்லை, தெருவில் வியாபாரம் செய்தவர்களின் குரலும் இருக்கிறது. அவர் குரல் மட்டும் ஏன் வேண்டாம்?

இரவல் வாங்க இயந்திரம் வந்தபோது வயதானவர்கள் எப்படிப் பழகினார்கள், எந்தப் புத்தகம் போனால் திரும்பி வரவே வராது, பள்ளிப் பிள்ளைகள் தமிழ் அடுக்குப் பக்கம் வருவது எப்போது குறைந்தது, இதையெல்லாம் அவரைத் தவிர யார் சொல்ல முடியும்?

கேடயத்தில் பெயரும் வேலைக்குச் சேர்ந்த ஆண்டும் போதும். விருந்தினர்களில் மூன்று பேரைக் குறையுங்கள், கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை அக்காவுக்குத் தோதுப்படுமா என்று கேட்டு எழுதுங்கள். ஒலிப்பதிவுக் கருவி என்னிடம் இருக்கிறது, நானே எடுத்து வருகிறேன்.