குறட்டைக்கு மோதிரமா, மணிக்கூடா?

கேள்வி: எனக்கு வயது 47. உப்புவெளியில் படகு என்ஜின் திருத்தும் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாகப் பிரஷருக்கு மருந்து எடுக்கிறேன். எட்டு மணித்தியாலம் படுத்தாலும் விடியும்போது உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கிறது. ஓகஸ்டில் கனடாவிலிருந்து வரும் அக்கா, நித்திரையை அளக்கும் ஸ்மார்ட் மோதிரமோ ஸ்மார்ட் மணிக்கூடோ வாங்கி வருவதாகச் சொல்கிறார். எதைக் கேட்கட்டும்? நான் குறட்டை விடுவதாகவும் இடையிடையே சத்தம் நின்றுபோவதாகவும் மனைவி சொல்கிறார்.
- வாசகர், திருகோணமலை

பதில்: கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அந்த வரிதான். ஆனால் கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததற்குப் பதில் சொல்வது வைத்தியர்களின் கெட்ட பழக்கம் என்று என் வீட்டிலேயே ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஆகவே மோதிரத்தையும் மணிக்கூட்டையும் முதலில் பார்த்துவிடுவோம்.

இரண்டுமே நித்திரையை நேராக அளப்பதில்லை. அதற்குத் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிய வேண்டும். இவை தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு நாடித்துடிப்பை எண்ணுகின்றன. கூடவே உடல் அசைவையும் பார்த்து, 'இது ஆழ்ந்த நித்திரை, இது கனவு நித்திரை' என்று ஊகம் சொல்கின்றன. எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்ற கணக்கை ஓரளவு நம்பலாம். கண் விழித்தபடி அசையாமல் கிடந்தால் அதையும் நித்திரை என்றே எழுதிவிடும் குறை இரண்டுக்கும் இருக்கிறது. ஆழ்ந்த நித்திரை இத்தனை நிமிடம் என்று திரையில் வருவதைப் பார்த்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். அந்த எண்ணைத் துரத்தியே நித்திரையைக் கெடுத்துக்கொள்வோர் இருக்கிறார்கள். 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கு 'ஓர்த்தோசொம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நித்திரைக்கு மட்டும் என்றால் மோதிரம் ஒரு படி மேல். விரலின் உள்ளங்கைப் பக்கத்தில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக இருப்பதால் நாடி தெளிவாகக் கிடைக்கும். நிறையும் மிகக் குறைவு: சாம்சங் கலக்ஸி ரிங் அளவைப் பொறுத்து ஏறத்தாழ 2.3 முதல் 3 கிராம் வரைதான். ஒருமுறை சார்ஜ் செய்தால் பல நாள் தாங்கும். சாதாரண அப்பிள் வாட்ச் போன்றவற்றை அநேகமாகத் தினமும் சார்ஜில் போட வேண்டும். பலர் படுக்கப் போகும் நேரத்தில்தான் அதைக் கழற்றுகிறார்கள். நித்திரையை அளக்க வாங்கிய மணிக்கூடு இரவு முழுவதும் மேசையில் கிடக்கும்.

உங்கள் அக்கா தனக்காகக் கேட்டிருந்தால் மோதிரம் என்றே சொல்லியிருப்பேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன், உங்கள் தொழில் அப்படி.

சில வருடங்களுக்கு முன் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். படகிலிருந்து கரைக்குக் குதித்தபோது அவருடைய கலியாண மோதிரம் விளிம்பிலிருந்த ஆணியில் கொளுவிக்கொண்டது. ஆள் கீழே வந்துவிட்டார். விரலின் தோல் மோதிரத்தோடு மேலே நின்றுவிட்டது. இன்னொருவர் கச்சான் காற்று வீசும் வெக்கை நாளொன்றில், வீங்கிய விரலில் இறுகிய மோதிரத்தோடு வந்தார். சவர்க்காரம் போட்டு இழுத்து இழுத்து விரலை இன்னும் வீங்க வைத்திருந்தார். நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியால் நுழைத்து, மறு நுனியை மோதிரத்தின் விளிம்பிலிருந்து விரல்மூட்டுக்கு அப்பால்வரை நெருக்கமாகச் சுற்றி, நுழைத்த நுனியிலிருந்து மெல்ல அவிழ்த்தபோது மோதிரம் நூலின் மேல் ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தது. அது வராவிட்டால் பொன்னை வெட்டிவிடலாம். ஸ்மார்ட் மோதிரங்கள் பெரும்பாலும் டைட்டேனியம். வெட்டுவது கடினம், உள்ளே பற்றரியும் இருக்கிறது. இரவில் மட்டும் போடுகிறேனே என்பீர்கள். போடலாம். ஆனால் கழற்ற மறக்கும் ஒரு காலை போதும்.

ஆகவே மணிக்கூட்டையே கேளுங்கள். உங்களைப் பொறுத்தவரை அதற்கு வேறு இரண்டு நன்மைகளும் உண்டு. சிலவற்றில் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பார்க்கும் ஈசிஜி வசதி இருக்கிறது. நித்திரையில் மூச்சுத் தடைப்படும் அறிகுறியைக் காட்டும் வசதிக்கு 2024 பெப்ரவரியில் சாம்சங்குக்கும், செப்டெம்பரில் அப்பிளுக்கும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அப்பிள் 30 நாளில் குறைந்தது 10 இரவுகளின் பதிவைப் பார்த்துத்தான் முடிவு சொல்லும். அந்த வசதி எல்லா மாதிரிகளிலும் இல்லை. இலங்கையில் இயங்குமா, உங்கள் கைத்தொலைபேசியோடு சேருமா என்பதையும் வாங்குமுன் அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐபோன் இல்லாவிட்டால் அப்பிள் வாட்ச் வேண்டாம். ஊசி குத்தாமல் சீனியின் அளவையும் காட்டும் என்று யாராவது ஒரு மணிக்கூட்டை நீட்டினால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

இனி அந்தக் குறட்டை. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு போகும் வழி அடைபடும்போது சத்தம் நிற்கிறது; பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சே போய்வருவதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. மூளை திடுக்கிட்டு ஒரு கணம் விழிக்கிறது, பெருமூச்சோடு வழி திறக்கிறது. காலையில் இதில் ஒன்றும் ஞாபகம் இராது. ஒரு மணித்தியாலத்தில் 15 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை என்று கணக்கு. எட்டு மணித்தியாலம் படுத்தும் களைப்புத் தீராததற்கு இது காரணமாக இருக்கலாம். பிரஷரையும் இது ஏற்றும். மூக்கில் முகமூடி வைத்துக் காற்றை மெல்ல அழுத்தும் கருவி போன்ற நல்ல சிகிச்சைகள் உண்டு. 'ஸ்லீப் அப்னியா' எனப்படும் இந்த நோய் இருக்கிறதா என்று முதலில் நித்திரைப் பரிசோதனையில் உறுதிசெய்ய வேண்டும். மணிக்கூடு ஒன்றும் காட்டவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

ஓகஸ்ட் வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே மனைவியின் கைத்தொலைபேசியில் உங்கள் குறட்டையை ஐந்து பத்து நிமிடம் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கோ சுவாச நோய்ப் பிரிவுக்கோ போங்கள். அதுவரை பக்கவாட்டில் படுங்கள். மதுவும் நித்திரை மாத்திரையும் கூடாது, பிரஷர் மருந்தை நிறுத்தவும் கூடாது. உதிரிப்பாகம் வாங்க ஹபரணைக் காட்டுப் பாதையால் தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ வாகனம் ஓட்டிப் போகிறவர் என்றால், வழியில் கண் அயர்ந்துவிடலாம்; சில நாளைக்கு வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள்.

கிளினிக்குக்கு மனைவியையும் அழைத்துப் போங்கள். சத்தம் எத்தனை விநாடி நிற்கிறது என்று வைத்தியர் கேட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்?